சீஸ்டார் எஸ்50: நம் அட்சரேகையில் நெபுலா எடுக்க ஏற்றதா?

நெபுலா, அதாவது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசி மேகத்தைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் முதலில் விசாரிக்கும் பெயர் இப்போது சீஸ்டார் எஸ்50. இசட்டபிள்யூஓ நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த கருவி. தொலைநோக்கி, கேமரா, வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கி, ஃபோகஸ் மோட்டார், ஃபில்டர், சின்னக் கணினி, பேட்டரி என்று எல்லாம் ஒரே உடம்புக்குள். எடை சுமார் 2.5 கிலோ. மொட்டை மாடியில் வைத்து, போனில் பொருளின் பெயரைத் தட்டினால், தானே தேடிப் பிடித்துப் படம் எடுக்கத் தொடங்கிவிடும்.

இதைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. 40, 50 பாகை வடக்கே இருந்து எழுதுகிறவர்கள் சொல்லும் யோசனைகளில் ஒன்று நமக்குச் சுத்தமாகப் பொருந்தாது: "பொருள் உச்சிக்கு வரும்வரை பொறுங்கள்." சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு அப்படிப் பொறுத்தால், இந்தக் கருவி எடுக்கக்கூடிய மோசமான படம்தான் கிடைக்கும். கருவி நல்ல கருவி. ஆனால் 8 முதல் 13 பாகை அட்சரேகையில் அதை வேறு மாதிரி பயன்படுத்த வேண்டும். இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

லென்ஸின் விட்டம் 50 மி.மீ., குவியத்தூரம் 250 மி.மீ., அதாவது எஃப்/5. மூன்று கண்ணாடி கொண்ட அபோகுரோமாட் அமைப்பு. மலிவு தொலைநோக்கிகளில் பிரகாசமான விண்மீனைச் சுற்றி வரும் ஊதா வளையம் இதில் தொந்தரவாகத் தெரிவதில்லை. சென்சார் சோனி ஐஎம்எக்ஸ்462. 1920 × 1080 பிக்சல், ஒவ்வொன்றும் 2.9 மைக்ரான். கணக்குப் போட்டால் ஒரு பிக்சலுக்கு 2.4 ஆர்க் விநாடி. முழுப் படத்துக்குள் அடங்கும் வானம் ஏறத்தாழ 1.27 பாகை உயரம், 0.72 பாகை அகலம். நிலாவின் குறுக்களவு அரைப் பாகை என்பதை நினைவில் வைத்தால் இந்தச் சட்டத்தின் அளவு பிடிபடும். படம் போனைப் போல நெட்டுக்குத்தாகத்தான் வரும். 2 மெகாபிக்சல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 50 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கத்துக்கு இந்த சென்சார் பொருத்தமானது. பெரிய சுவரொட்டியாக அச்சிட நினைப்பவர்களுக்குத்தான் குறை.

நெபுலாவுக்கு இந்தக் கருவியின் உயிர் உள்ளே இருக்கும் இரட்டைப் பட்டை ஃபில்டர். ஆப்பில் எல்பி என்ற பொத்தான். நெபுலாக்களில் ஒளிரும் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாக வெளிச்சம் விடுகிறது. இருமுறை அயனியான ஆக்சிஜன் 500.7-ல் நீலப்பச்சையாக விடுகிறது. இந்த ஃபில்டர் ஹைட்ரஜனைச் சுற்றி 20 நானோமீட்டரும் ஆக்சிஜனைச் சுற்றி 30 நானோமீட்டரும் மட்டும் உள்ளே விடும். பழைய சோடியம் தெருவிளக்கின் 589 நானோமீட்டர் மஞ்சள் முழுக்க அடைபட்டுவிடும். இப்போதைய வெள்ளை எல்இடி விளக்குகள் எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பதால் கொஞ்சம் நுழையத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியும் 300 நானோமீட்டரில் 50 மட்டுமே உள்ளே வருகிறது. ஆகவே வானத்தின் வெளுப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும், நெபுலா மட்டும் குறையாமல் வரும்.

தனியாக விற்கும் 7 நானோமீட்டர் ஃபில்டர்களோடு ஒப்பிட்டால் இது அகலம்தான். நகர வானத்தில் அவை ஒரு மணி நேரத்தில் தரும் தெளிவுக்கு இதில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் தேவைப்படும். ஆனாலும் இந்த அகலத்தைக் குறையாகச் சொல்ல முடியாது. எஸ்50 ஒரு தடவைக்கு 10, 20 அல்லது 30 விநாடிதான் எடுக்கிறது; அப்படி எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறது. அவ்வளவு குறைந்த நேரத்தில் மிகக் குறுகிய ஃபில்டர் போட்டால் சென்சாரின் சொந்த இரைச்சலில் நெபுலாவே அமுங்கிப் போகும். பத்து விநாடிக்கு ஏற்ற அகலத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சாதாரண டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேமராக்களின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, ஹைட்ரஜனின் சிவப்பில் கால்வாசியைத்தான் விடுகிறது. நெபுலா படத்தில் சிவப்பு வரவில்லையே என்று குழம்புவதற்குக் காரணம் அதுதான். எஸ்50-ல் அந்தத் தடை இல்லை.

படம் சுழலும் சங்கதி

எஸ்50-இன் தாங்கி இடம்வலமாகத் திரும்பும், மேலும் கீழும் ஏறி இறங்கும். அவ்வளவுதான். வானமோ துருவத்தைச் சுற்றிச் சுழல்கிறது. நடுவில் இருக்கும் விண்மீனை அது சரியாகப் பிடித்துக்கொண்டே போனாலும், அதைச் சுற்றியுள்ள படம் மெல்லத் திருகிக்கொண்டே இருக்கும். இந்தத் திருகல் எவ்வளவு வேகம் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: நீங்கள் நிற்கும் அட்சரேகை, பொருள் இருக்கும் திசை, அது இருக்கும் உயரம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் போகப் போக வேகம் கூடும். பொருள் நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ இருந்தால் திருகல் பூஜ்யம். நேர் வடக்கு, நேர் தெற்கில் உச்சம். உயரம் கூடக் கூட, தலைக்கு மேலே நெருங்க நெருங்க, எக்கச்சக்கமாக எகிறும்.

எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். ஓரியன் நெபுலா, அதாவது எம்42, லண்டனில் தெற்கே உச்சம் தொடும்போது 33 பாகை உயரத்தில் நிற்கிறது. அங்கே திருகல் மணிக்கு 11 பாகை. பத்து விநாடியில் படத்தின் மூலையில் இருக்கும் விண்மீன் அரை பிக்சலுக்குச் சற்று அதிகமாக நகரும், கண்ணுக்கே தெரியாது. அதே எம்42 சென்னையில் உச்சம் தொடும்போது 71 பாகை உயரம். திருகல் மணிக்கு 46 பாகை. பத்து விநாடியில் மூலை விண்மீன் இரண்டரை பிக்சல் வளைந்து இழுபடும். முப்பது விநாடி வைத்தால் ஏழு பிக்சல்.

ரோசெட் நெபுலா இன்னும் மோசம். சென்னையில் அது 82 பாகை உயரம் வரை ஏறுகிறது. ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலே. அப்போது திருகல் மணிக்கு நூறு பாகையைத் தாண்டும். பத்து விநாடியிலேயே மூலையில் ஐந்து பிக்சலுக்கு மேல் இழுப்பு. அந்த நேரத்தில் எடுத்த ஒரு தனிப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் நன்றாகத் தெரியும்: நடுவில் விண்மீன்கள் கடுகு போல வட்டமாக இருக்கும், ஓரத்துக்கு வர வர ஒவ்வொன்றும் சீரகம் போல நீண்டு, நடுவைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி வரிசையாக வளைந்து நிற்கும். ஃபோகஸ் போய்விட்டது, லென்ஸ் கோணிவிட்டது என்றெல்லாம் நினைத்துக் கருவியைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. எடுத்த நேரம்தான் தவறு.

இதே ரோசெட், உச்சிக்கு வர மூன்று மணி நேரம் இருக்கும்போது, கிழக்கே 45 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது திருகல் மணிக்கு வெறும் 2 பாகை. முப்பது விநாடி வைத்தாலும் மூலையில் அரை பிக்சல்கூட நகராது. இரண்டு மணி நேரம் முன்பு என்றால் 59 பாகை உயரம், திருகல் மணிக்கு 6 பாகை. முப்பது விநாடிக்கு ஒரு பிக்சல். ஒரு மணி நேரம் முன்பு வந்துவிட்டால் 23 பாகை; இனி பத்து விநாடிதான். உச்சியைத் தாண்டி மேற்கே இறங்கும்போது இதே கணக்கு திரும்பி வரும்.

ஆகவே நம் ஊர் வழி இது: பொருள் கிழக்கே 30 பாகை ஏறியதும் தொடங்குங்கள், 60 பாகையைத் தாண்டியதும் விடுங்கள். உச்சிக்கு அருகில் இருக்கும் நான்கு மணி நேரத்தை வேறு பொருளுக்குக் கொடுங்கள். மேற்கே 60 பாகைக்குக் கீழே இறங்கியதும் பழைய பொருளுக்கே திரும்புங்கள். ஜனவரி நடுவில் ரோசெட்டுக்கு இது இரவு ஏழு முதல் ஒன்பது வரை ஒரு தவணை, ஒன்று முதல் மூன்று வரை இன்னொரு தவணை. ஒரே இரவில் நான்கு மணி நேரம், அத்தனையும் முப்பது விநாடிக்குத் தாங்கும் படங்கள். உச்சிக்கு நெருக்கத்தில் இடம்வலத் திருப்பமும் தலைதெறிக்க ஓட வேண்டியிருப்பதால் எந்த இருஅச்சுத் தாங்கியும் அங்கே தடுமாறும். அந்தக் கைவிட்ட நான்கு மணிக்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

தெற்கே தாழ்வாகப் போகும் பொருள்களுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. தனுசு ராசியில் இருக்கும் லகூன் நெபுலா, எம்8, சென்னையில் 52 பாகை வரைதான் ஏறும். உச்சத்திலும் பத்து விநாடிக்கு ஒன்றேகால் பிக்சல். பத்து விநாடியில் எடுத்தால் இரவு முழுக்க எடுக்கலாம்.

இகியூ மோடு: நமக்கு எவ்வளவு உதவும்?

2025-ல் வந்த மென்பொருள் மேம்பாட்டில் இகியூ மோடு சேர்ந்தது. கருவியைச் சாய்த்து அதன் சுழலச்சை வான துருவத்துக்கு நேராக வைத்துவிட்டால் திருகலே இருக்காது. ஆப் விண்மீன்களைப் படம் எடுத்து, துருவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும். அதைப் பார்த்துத் தாங்கியை அசைத்துச் சரி செய்ய வேண்டும். துருவ நட்சத்திரம் கண்ணில் படத் தேவையில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதை மறைக்கும் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய நன்மை.

சிக்கல் சாய்க்கும் அளவில் இருக்கிறது. லண்டனில் அச்சைத் தரையிலிருந்து 51 பாகையில் நிறுத்தினால் போதும். சென்னையில் 13 பாகை, திருச்சியில் 11-க்கும் கீழே, கன்னியாகுமரியில் 8. அதாவது கருவி நிற்காது, ஏறத்தாழப் படுத்துக்கொள்ளும். இரண்டரைக் கிலோவும் டிரைபாடின் நடுவிலிருந்து வடக்குப் பக்கமாக வெளியே தொங்கும். பெட்டியில் வரும் குட்டி டிரைபாடில் சாய்க்கும் தலை இல்லை; அதை வைத்து இதை முயலவே கூடாது. 3/8 அங்குலத் திருகு கொண்ட, 82 பாகை வரை சாய்ந்து அங்கே இறுக்கமாக நிற்கக்கூடிய தலை வேண்டும். சாதாரண பால்ஹெட் (பந்து மூட்டுத் தலை) அந்தச் சாய்வில் மெல்ல மெல்ல வழுகும். சரி செய்து வைத்த துருவ நிலை அரை மணியில் போய்விடும். டிரைபாடின் ஒரு கால் கட்டாயம் நேர் வடக்கே, கருவி தொங்கும் பக்கத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நடுக்கம்பியில் இரண்டு மூன்று கிலோ மணல் பையோ தண்ணீர் பாட்டிலோ கட்டித் தொங்கவிடுங்கள். மொட்டை மாடியில் காற்றடித்துச் சாய்ந்தால் லென்ஸ்தான் முதலில் தரையைத் தொடும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்றால், வாங்கிய முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். கிழக்கு, மேற்குத் தவணையிலேயே நல்ல படம் வரும். பெரிய நெபுலாவைப் பல இரவுகள் சேர்த்து எடுக்கும் கட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும் தலைக்கும் டிரைபாடுக்கும் செலவு செய்யலாம்.

ஒரு இரவுக்கான ஒழுங்கு

இருட்டுவதற்கு முன்பே கருவியை மாடியில் வைத்துவிடுங்கள். கான்கிரீட் தளம் ஒன்பது மணி வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். கருவி அந்தக் காற்றின் வெப்பத்துக்குப் பழகட்டும். டிரைபாடு கால்களை நீட்டாமல் தாழ்வாக வைப்பது நல்லது. இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண், தகரக் கூரை, மோட்டார் பம்பு பக்கத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் திசைகாட்டி குழம்பும். நாலைந்து அடி தள்ளி வையுங்கள்.

அடுத்தது மட்டம். ஆப்பில் ரசமட்டம் போல ஒரு வட்டம் காட்டும். அரைப் பாகைக்குள் கொண்டுவருவதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு நிமிடம் செலவழித்துச் சரியாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மட்டம் தவறினால் முதல் தேடலில் பொருளைப் பிடிக்க நேரமாகும், எடுத்த படங்களில் கழிவும் கூடும். போனில் இருப்பிட அனுமதி கொடுக்காமல் விடுவது அடுத்த பொதுத் தவறு. ஊர் தெரியாத கருவி எந்த வானத்தைத் தேடும்?

பொருளைத் தேர்ந்தெடுத்ததும் கருவி கையைத் தூக்கி, விண்மீன்களைப் படம் எடுத்து, தான் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்து, நகர்ந்து நடுவில் நிறுத்தும். இப்போது ஆட்டோஃபோகஸை ஒரு முறை ஓட்டுங்கள். நள்ளிரவு வரை மணிக்கு ஒரு முறை ஓட்டுவது நல்லது. வெப்பம் இறங்க இறங்கக் குழாய் சுருங்கி ஃபோகஸ் கொஞ்சம் நகரும். எல்பி பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில், ஒவ்வொரு தனிப் படத்தையும் சேமிக்கும் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். இதை விட்டுவிட்டால் இரவு முழுக்க எடுத்ததில் ஆப் தானே அடுக்கிய ஒரே ஒரு படம்தான் மிஞ்சும். பிறகு எதையும் திருத்த முடியாது. தனிப் படம் ஒன்று ஏறத்தாழ 4 எம்பி. பத்து விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 360 படம், ஒன்றரை ஜிபி. உள்ளே 64 ஜிபி இருக்கிறது. நாலைந்து இரவுக்கு ஒரு முறை கணினிக்கு மாற்றினால் போதும்.

படம் தொடங்கியதும் முதலில் டார்க் எடுக்கும். உள்ளேயே ஒளியை மறைத்து, சென்சாரின் சொந்தப் புள்ளிகளைப் பதிந்துகொள்ளும். இந்த சென்சாருக்குக் குளிரூட்டி கிடையாது. நம் ஊரில் ஏப்ரல் இரவு 29, 30 டிகிரியில் சென்சார் இன்னும் சூடாகத்தான் இருக்கும். டிசம்பரில் ஏற்காட்டில் எடுப்பதற்கும் ஏப்ரலில் சென்னையில் எடுப்பதற்கும் புள்ளி இரைச்சல் கண்கூடாக வேறுபடும். இரவு நடுவில் வெப்பம் நாலைந்து டிகிரி இறங்கிவிட்டால் படத்தை நிறுத்தி மறுபடி தொடங்குவது நல்லது.

போன் திரையில் ரோசெட் உருவாவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். முதல் பத்து விநாடியில் சாம்பல் நிறத்தில் விண்மீன் கூட்டம் மட்டும். ஐந்தாறு நிமிடத்தில் நடுவிலிருக்கும் விண்மீன் கொத்தைச் சுற்றி ஒரு மங்கிய சிவப்பு வட்டம் கட்டும். அரை மணி கடந்ததும் வட்டத்தின் ஒரு பக்கத்தில் மை தெறித்தது போலக் கருந்திட்டுகள் பிரிந்து தெரியும். அவை 5,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் தூசிக் குவியல்கள்.

மூலையில் இரண்டு எண்ணிக்கைகள் ஓடும்: அடுக்கப்பட்ட படம் எத்தனை, தள்ளப்பட்டது எத்தனை. பத்தில் ஒன்று தள்ளுபடியானால் இயல்பு. பத்தில் மூன்று, நான்கு என்று போனால் ஏதோ தவறு. காற்று, மாடியில் யாரோ நடப்பது, மெல்லிய மேகம், லென்ஸில் பனி, அல்லது மேலே சொன்ன உச்சித் திருகல். இந்த வரிசையில் சரிபார்த்து வாருங்கள். முப்பது விநாடியில் கழிவு அதிகமானால் தயங்காமல் இருபதுக்கு இறங்குங்கள். தள்ளுபடியான முப்பது விநாடியைவிட அடுக்கில் சேர்ந்த பத்து விநாடி மேல்.

பனிக்கு உள்ளேயே ஹீட்டர் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் தொடக்கத்திலிருந்தே போட்டுவிடுங்கள். லென்ஸ் நனைந்த பிறகு போட்டால் காய அரை மணி ஆகும். ஹீட்டர் போட்டால் 6000 எம்ஏஎச் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். யுஎஸ்பி-சி பவர் பேங்க் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். கருவி திரும்பும்போது கேபிள் இழுபடாமல் நீளம் விட்டு வையுங்கள்.

எவ்வளவு நேரம் எடுப்பது? நேரத்தை நாலு மடங்கு ஆக்கினால்தான் தெளிவு இரண்டு மடங்கு ஆகும். அரை மணிப் படத்துக்கும் இரண்டு மணிப் படத்துக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டிலிருந்து மூன்று போனால் தெரியாது. நகரத்தில் எம்42-க்கு ஒரு மணி, ரோசெட்டுக்குக் குறைந்தது நான்கு மணி. பல இரவுப் படங்களைப் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த நெபுலா, எது வேண்டாம்

எம்42-தான் எல்லோரும் தொடங்கும் இடம். அதில் ஒரு குறை தவிர்க்க முடியாதது: நடுவிலிருக்கும் ட்ரபீசியம் விண்மீன்கள் பத்து விநாடியிலேயே வெளுத்துவிடும். எல்பி ஃபில்டர் போட்டால் கொஞ்சம் அடங்கும். வெளியே இறக்கை போல விரியும் மங்கலான பகுதிக்காகத்தான் இதை எடுக்க வேண்டும்.

குதிரைத்தலை நெபுலாவில் நம் அட்சரேகைக்கே உரிய ஒரு நெருக்கடி வருகிறது. குதிரைத்தலையும் பக்கத்திலிருக்கும் ஃபிளேம் நெபுலாவும் வடக்கு தெற்காக 0.6 பாகை இடைவெளியில் இருக்கின்றன. திருகல் குறைவாக இருக்கும் கிழக்கு வானத்தில் ஓரியன் பக்கவாட்டில் படுத்திருப்பதால், இந்த இடைவெளி சட்டத்தின் குறுகிய 0.72 பாகைப் பக்கத்தில் விழும். ஃபிளேம் பாதி வெட்டுப்படும். உச்சிக்கு வந்தால் இரண்டும் நீளவாக்கில் அழகாக அடங்கும், ஆனால் அப்போது திருகல் எகிறிவிடும். தீர்வு, ஆப்பில் இருக்கும், பல சட்டங்களை ஒட்டிப் பெரிய படமாக்கும் மொசைக் வசதியில் சட்டத்தைத் திருப்பிப் பெரிதாக்குவது. பரப்பு எத்தனை மடங்கோ நேரமும் அத்தனை மடங்கு கொடுக்க வேண்டும்.

கரினா நெபுலா நமக்குக் கிடைத்த கொடை. ஓரியன் நெபுலாவைவிடப் பெரியது, சுமார் 7,500 ஒளியாண்டு தூரம். லண்டன்காரர்களுக்கும் நியூயார்க்காரர்களுக்கும் அடிவானத்துக்கு மேலே வரவே வராது. சென்னையில் 17 பாகை, கன்னியாகுமரியில் 22 பாகை வரை ஏறும். வட, தென் வானம் இரண்டையும் பார்க்கலாம் என்பது ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம். அதே வசதி நம் மாடிக்கும் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் நேர் தெற்கே இருக்கும். தாழ்வாக இருப்பதால் திருகல் பிரச்சினை இல்லை. இருபது விநாடி தாராளம். பிரச்சினை அடிவானப் புழுதியும் தெற்கே இருக்கும் ஊரின் வெளிச்சமும். தெற்கே கடலோ வெறும் வயலோ இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். முழு நெபுலா இரண்டு பாகை அகலம், மொசைக் வேண்டும். நடுவிலிருக்கும் கீஹோல் பகுதி ஒரே சட்டத்தில் அடங்கும்.

கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றிய நீலப் புகை, எம்78 போன்றவை விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்பும் தூசி. அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் இருக்கிறது. எல்பி ஃபில்டர் அதையும் வெட்டிவிடும். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் நகர வெளிச்சம் மூடிவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போகாமல் இவற்றை முயல வேண்டாம். அரை நிலா இரவுகளில் ஹைட்ரஜன் மிகுந்த ரோசெட், குதிரைத்தலை தாக்குப்பிடிக்கும்; ஆக்சிஜன் மிகுந்த வெய்ல் (Veil) நெபுலா போன்றவை மங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை எடுத்துக்கொள்வதால், தை முதல் சித்திரை வரைதான் நம் உண்மையான பருவம்.

கணினியில்

யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் மைவொர்க்ஸ் என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கோப்புறை இருக்கும். பெயரின் முடிவில் சப் என்று இருப்பதில்தான் தனிப் படங்கள். இலவச மென்பொருளான சிரில் போதும். லைட்ஸ் என்ற பெயரில் கோப்புறை செய்து, ஃபிட்ஸ் என்ற வடிவில் இருக்கும் அந்தத் தனிப் படங்களைப் போட்டு, சீஸ்டாருக்கென்றே இருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினால் அடுக்கித் தந்துவிடும். டார்க், ஃபிளாட் (ஓர மங்கலைச் சரிசெய்யும் படம்) தனியாகக் கேட்காது. ஓட்டுவதற்கு முன் படங்களை ஒருமுறை புரட்டி, மேகமும் இழுபட்ட விண்மீனும் உள்ளவற்றை அகற்றிவிடுங்கள்.

அடுக்கியதும் ஓரங்களை வெட்டுங்கள். திருகலால் மூலைகளில் குறைந்த படங்களே சேர்ந்திருக்கும், அங்கே இரைச்சல் கூடுதலாக இருக்கும். வெட்டாமல் பின்னணி திருத்தினால் அந்த மூலைகள் கணக்கைக் கெடுக்கும். பிறகு கிராக்ஸ்பெர்ட் என்ற இலவச மென்பொருளில் பின்னணி வெளிச்சச் சாய்வை எடுக்கலாம். ஃபில்டர் போட்டு எடுத்த படத்துக்கு விண்மீன் நிறத்தை வைத்துச் செய்யும் நிறத்திருத்தம் சரிவராது. பச்சை இரைச்சலை மட்டும் குறைத்து, கறுப்பு எல்லையைக் கண்ணால் பார்த்துச் சமன் செய்யுங்கள். மங்கலான பகுதி தெரியும்படி பிரகாசத்தை நீட்டும்போது பின்னணியைக் கன்னங்கரேலென்று ஆக்காதீர்கள். மங்கலான நெபுலா அந்தச் சாம்பலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

வாங்கலாமா?

வெளிவந்தபோது அமெரிக்காவில் 499 டாலர். இங்கே இறக்குமதி வரி, ஜிஎஸ்டி சேர்ந்து வரும் இறுதி விலையையே ஒப்பிடுங்கள். பழுதானால் இந்தியாவிலேயே பார்ப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய நெபுலாக்கள் மட்டுமே ஆசை என்றால் தம்பி மாடலான எஸ்30-ஐ யோசிக்கலாம். 30 மி.மீ. விட்டம், 150 மி.மீ. குவியத்தூரம், அதுவும் எஃப்/5. இரண்டும் எஃப்/5 என்பதால் பரந்த நெபுலாவின் வெளிச்சம் சென்சாரில் ஒரே அளவுதான் விழும். எஸ்30 பரந்த வானத்தை ஒரே சட்டத்தில் தரும், எஸ்50 சிறிய பொருளை நெருக்கிக் காட்டும். எம்27, எம்57 போன்ற குட்டி நெபுலாக்களும் கேலக்ஸிகளும் வேண்டுமென்றால் எஸ்50. ஏற்கெனவே நல்ல கேமராவும் லென்ஸும் வைத்து, கற்றுக்கொள்ள இரண்டு வருடம் செலவழிக்கத் தயாராக இருப்பவர் தனித் தாங்கி வாங்கினால் இதைவிட மேலே போகலாம். பள்ளிக்கூட வானியல் மன்றத்துக்கு எஸ்50-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். சூரியனுக்கான ஃபில்டரும் பெட்டியிலேயே வருவதால் பகலிலும் பயன்படும். அந்த ஃபில்டரை மாட்டாமல் சூரியன் பக்கம் திருப்பினால் சென்சார் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் இதை ஆசிரியரே சரிபார்க்க வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. விடியற்காலையில் உடம்பெல்லாம் நனைந்திருக்கும் கருவியைத் துடைத்து அப்படியே பெட்டியில் போட்டு மூடினால், ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மின்விசிறிக் கீழே ஒரு மணி நேரம் வைத்து உலர்த்தி, சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு மூடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் புதிதாக வாங்கி மாற்றுங்கள்.